பத்துக்கு நாலரை

"மார்க் போடுறாங்க மேடம். பத்துக்கு நாலரை."

"எதுக்கு?" என்று கேட்டார் டாக்டர் மாயா.

வல்லரசு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். நடுக்கடலில் ஒரு சுறா வந்து படகை முட்டியபோது, "ஓரமா போ நைனா" என்று அதனிடம் சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தவன் என்று துறைமுகத்தில் பேச்சு. சுறாவும் ஓரமாகத்தான் போனதாம். அப்பேர்ப்பட்டவன் இப்போது ராயபுரத்தில் ஒரு மனநல மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து, டோக்கன் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி பீடியாகவே ஆக்கிவிட்டிருந்தான்.

"அதான் மேடம்... புருஷன் பொண்டாட்டி மேட்டரு."

டாக்டர் மேஜைமேல் இருந்த நான்கு பேனாக்களையும் ஒரே வரிசையாக வைத்தார். "டாக்டர்கிட்ட என்ன வெட்கம்? விவரமா சொல்லுங்க."

"எங்க வூட்டுல நல்லவங்கதான் மேடம். ஆனா எல்லாத்துக்கும் டைம் டேபிள். ஃபிரிட்ஜ் மேல ஒட்டி கீறாங்க. பொதன், சனி. ஒம்போதரைலேர்ந்து ஒம்போது அம்பது. அதுக்கு முன்னாடி ரெண்டு சோப்பு போட்டுக் குளிக்கணும். நகத்த காட்டணும். மீன் வாட வந்துச்சுன்னா அன்னிக்கு கேன்சல். பெட்ஷீட்டு நாலு பக்கமும் ஒரே அளவா தொங்கணும். ஸ்கேல் வச்சு பாப்பாங்க."

"சுத்தம் நல்லதுதானே?"

"போன சனிக்கிழம கொசுவலையில கால் மாட்டிக்கிச்சு மேடம். எடுத்துகினு வர்றதுக்குள்ள ஒம்போது அம்பது ஆயிட்ச்சு. 'டைம் முடிஞ்சுது, பொதங்கிழம பாத்துக்கலாம்'னு லைட்ட அணச்சிட்டாங்க. வல எனக்கு இன்னா புச்சா மேடம்? இருவது வருசமா வலையிலதான் பொழப்பு. எல்லாம் பதட்டம்."

"மார்க்குன்னு சொன்னீங்களே?"

"அதுக்குத் தனியா ஒரு நோட்டு கீது. முடிஞ்சதும் மார்க் போட்டு என்கிட்ட கையெழுத்து வாங்குவாங்க. கையெழுத்து கோட்டுக்குக் கீழ பூட்ச்சுன்னு அதுலயே அர மார்க்க கொறச்சிட்டாங்க."

"கோட்டு மேலதானே போடணும்?"

வல்லரசு தலையைக் குனிந்துகொண்டான்.

"மனைவியைப் பத்தி ரொம்ப மரியாதையா பேசறீங்க" என்றார் டாக்டர்.

"மரியாதை இல்ல மேடம், பயம்."

டாக்டர் கேஸ் ஷீட்டில் அடுத்த கட்டத்துக்கு வந்தார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடுவது அவர் வழக்கமில்லை. "காதல் கல்யாணமா?"

"ஆமா மேடம். ஐஸ் ஃபேக்டரி வாசல்ல நான் ஐஸ் ஒடச்சிகினு இருப்பேன், அவங்க டியூஷன் போயிகினு இருப்பாங்க. ஒரு நாள் என்னப் பாத்து சிரிச்சாங்க. சும்மாவே. எந்த டைம் டேபிள்லயும் இல்லாத சிரிப்பு மேடம் அது."

டாக்டரின் பேனா அந்தக் கட்டத்திலேயே நின்றது.

"இப்ப தூக்கம் இல்ல, பிரஷரு ஏறிப்போச்சு. பொதங்கிழமைய நெனச்சாலே செவ்வாக்கிழம கை ஒதறுது. இதோ பாருங்க." இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினான். பேனாக்கள் உருண்டன. "நாளைக்கு விடியக்காலைல போட்ட எடுத்துகினு கடலுக்குப் போறேன் மேடம். வர்றதுக்கு இருவது நாளாவும். வந்தா எங்க வூட்டுக்குப் போறதா, முகத்துவாரக்குப்பத்துல அண்ணன் வூட்டோடயே இருந்துடறதான்னு உங்க கைலதான் கீது."

டாக்டர் பேனாக்களை மறுபடி அடுக்கினார். பிறகு சொன்னார்:

"ஒழுங்கு, விதி, சுத்தம் எல்லாம் நல்லதுதான். அளவு மீறி, அதுவே குணமா இறுகிப்போச்சுன்னா அது ஆளுமைக் கோளாறா இருக்கலாம். அவங்களுக்கு அன்பு இல்லாம இல்லை. கட்டுப்பாட்டைக் கைவிடத்தான் பயம். ஆனா படுக்கையில அதை விட்டாதான் உடம்பு ஒத்துழைக்கும். விடத் தெரியாம, அங்கேயும் நோட்டைத் திறந்து வச்சுக்கறாங்க. கூட இருக்கறவருக்கு ஆசையே பரீட்சை ஆயிடுது."

சொல்லி முடித்துவிட்டு, தான் அடுக்கிய பேனாக்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வீட்டுல பேசிப் பார்த்தீங்களா?"

"கேட்டேன் மேடம். அதுக்கு டைம் ஒதுக்கணும், இந்த மாசம் ஃபுல்லுன்னுட்டாங்க. அதான் பேஜாராயி டோக்கன் போட்டுகினு உங்ககிட்ட வந்தேன்."

உதவியாளர் பிலோமி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிற முகம். "டாக்டர், இதான் கடைசி டோக்கன். நான் கெளம்பட்டா?"

"கெளம்பு" என்ற டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார். வல்லரசு வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தான்.

'டைம் டேபிள்: கிழிக்கவும். ஸ்கேல்: பள்ளிப் பிள்ளைகள் யாருக்காவது கொடுக்கவும். நோட்டு: எரிக்கவும்.'

"எங்க வூட்டுல ஒத்துக்குவாங்களா மேடம்?"

"டாக்டர் எழுதிக் கொடுத்தா மீற மாட்டாங்க."

"நெஜமாவா?"

டாக்டர் ஒரு பேனாவை விரலால் சுண்டி, வரிசையிலிருந்து வெளியே தள்ளினார். அதைத் திரும்ப எடுத்து வைக்காமல் இருக்க அவர் பட்ட பாடு நெற்றியில் வியர்வையாகத் தெரிந்தது. பிறகு எழுந்து, வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் கசங்கலாகவே வீசினார். பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவன் பக்கம் எறிந்தார்.

"யோவ், நாளிக்கு போட்டுக்கு வேற டிரைவர அனுப்பு. இப்ப வண்டிய எடு. போற வழியில ஒரு தீப்பெட்டி வாங்கணும், நம்ம வூட்டுல இல்ல."

வல்லரசு சாவியைப் பிடித்தான்.

"இன்னிக்கு செவ்வாக்கிழமையாச்சே, மாயா?"