புது மரியாதை
மகன் பதிவு செய்து கொடுத்த கடலோர சொகுசு விடுதி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கடல் வெயிலில் கண் கூச மின்னுகிறது. உள்ளே ஏசி முனகுகிறது. நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று விடுதிக்காரர்கள் துண்டில் மடித்துவைத்த இரண்டு அன்னங்கள் கட்டிலில் கழுத்தோடு கழுத்து இழைந்து நிற்கின்றன. பக்கத்து மேசையில் அவருடைய மறதிக்கான மாத்திரைகள். அவள் தரையில் உட்கார்ந்து, கணவரின் கால்விரல் இடுக்குகளில் ஒட்டிய மணலைத் துடைக்கிறாள். அவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்கிறார். "உங்களுக்கு ஏங்க இந்தச் சிரமம்? நீங்க போங்க. உங்க வீட்டுக்காரர் தேடப்போறாரு." நாற்பது வருஷமாக வாடி, போடி தவிர வேறெதுவும் வராத வாயிலிருந்து, இன்றுதான் ஒரு 'ங்க'. "தேடினா நல்லாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, அவள் அந்தக் காலை மறுபடி தன் மடிக்கு இழுக்கிறாள்.