கறுப்பு நூல்

மாப்பிள்ளையின் தாயார் கைப்பையைத் திறந்து, ஊசி ஒன்றும் கறுப்பு நூல்கண்டும் எடுத்து ஜீனத்தின் முன்னால் வைத்தாள்.

“தப்பா நெனச்சிக்காத கண்ணு. கூடப் பொறந்தவனுக்கு இப்டி ஆயிகீது. எங்க வூட்ல பொறக்கப்போற புள்ளைக்கு இன்னா வரும்னு நாலு பேரு கேப்பாங்க இல்ல? கோத்துக் காட்டிடு.”

களமருதூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஐந்து பேரும் பஜ்ஜியை மறந்து ஜீனத்தின் விரல்களைப் பார்த்தார்கள்.

கூடப் பிறந்த கவுஸ் பாஷா மூலை நாற்காலியில் இருந்தான்.

இருபத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சியில் ரவிக்கைத் துணிக் கடையில் வேலை. புடவையை ஒரு தடவை பார்த்தால் போதும், அதே நிறத்தில் துணியை உருவிப் போடுவான்.

போன தீபாவளி வியாபாரத்தில் அரக்குப் புடவைக்குப் பச்சைத் துணியை வெட்டினான். பொங்கலுக்குள் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை.

அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று விலகிக்கொண்டார்கள்.

புதுச்சேரி டாக்டர் அவன் அம்மா நூர்ஜகானிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார். இது தாய்வழியில் வருவது. மகனின் பிள்ளைகளுக்குப் போகாது. மகளின் பிள்ளைகளுக்குப் போகும். அதிலும் ஆண்பிள்ளைகளின் கண்ணைத்தான் அதிகம் பிடிக்கும்.

அதை வெளியே சொல்லியிருந்தால் மகனின் கல்யாணம் நின்றிருக்காது. மகளுடையது நின்றிருக்கும்.

நூர்ஜகான் சொல்லவில்லை.

ஜீனத் நூல் நுனியை நாக்கில் நனைத்தாள். ஒரே தடவை. நூல் மறுபக்கம் வந்துவிட்டது.

“கோத்துட்டியா?” என்றான் கவுஸ் பாஷா, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி. அப்படித் திரும்பினால்தான் அவனுக்கு ஓரத்தில் கொஞ்சம் தெரியும்.

“மாமியாருக்குப் பேன் பாக்க இந்தக் கண்ணு போதும்” என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மாப்பிள்ளையின் தாயார், சம்மதம் என்று ஒரு சிட்டிகை சர்க்கரையை ஜீனத்தின் வாயில் போட்டாள்.

மகனின் அந்தச் சிரிப்பைப் பார்த்த நூர்ஜகான், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சர்க்கரைக் கை அவள் வாய்க்கும் வந்தது.

விழுங்கினாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் இதே ஊசிதான், இதே கறுப்பு நூல்தான். அவளும் ஒரே தடவையில்தான் கோர்த்தாள்.

அன்றைக்கு மூலை நாற்காலியில் இருந்தது அவள் அண்ணன்.