இருபது எண்ணுவதற்குள்

ஓர் அரிசி ஆலையில் ஒன்பது எலிகள் நெல் பொறுக்கும் வேலை செய்துவந்தன. சாரைப்பாம்பு வந்தால் தப்புவதற்கு, மேஸ்திரியான பெருச்சாளி வெள்ளிதோறும் ஒத்திகை நடத்தியது. அது கத்தியதும், இருபது எண்ணுவதற்குள் எல்லா எலிகளும் சுவர்ப் பொந்துக்குள் போய்விட வேண்டும்.

அந்த ஒன்பதில் ஒன்றான, கால் ஊனமான சுண்டெலி வந்து சேர முப்பத்தொன்று ஆனது.

"இவ வர்றதுக்குள்ள பாம்பே தூங்கிடும்" என்று ஓர் எலி சிரித்தது.

"உன்னால கணக்கு கெடுது தாயி. ஒத்திகை முடியிற வரைக்கும் அந்த மூட்டை மேல ஏறி உக்காந்துக்க" என்றது பெருச்சாளி.

"நிஜமாவே பாம்பு வந்தா, அண்ணே?"

"அன்னிக்கு உன்னை விட்டுட்டா போவோம்?"

அதன்பின் எல்லா ஒத்திகைகளும் பதினெட்டில் முடிந்தன.

ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை, பாம்பு வந்தது. பெருச்சாளி கத்தியது. எலிகள் ஓடின. பதினேழு எண்ணுவதற்குள் பொந்து நிறைந்துவிட்டது. இருட்டில் பெருச்சாளி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணியது.

"எட்டு. எப்பவும் போல சரியா இருக்கு" என்று பெருமூச்சு விட்டது.

வெளியே சுண்டெலி, கத்தல் கேட்டதுமே பழகியபடி மூட்டைமேல் ஏறி, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தது.