மூன்று வரிப் பிள்ளை

காலையில் எழுந்ததும் மகன் எத்தனை வரி இருக்கிறான் என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. இன்றும் மூன்றுதான்.

விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு எப்படி ஊட்டுவது என்று போனில் தேடினால், எல்லாவற்றுக்கும் மேலே மெஷின் போடும் சுருக்கம் வந்து நிற்கும். நிமிர்த்தி உட்காரவையுங்கள். உணவைக் கெட்டியாகக் கரையுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய்.

மூன்றும் அவளுடைய வாக்கியங்கள். மகனை மடியில் வைத்து வருஷக்கணக்காக ஊட்டிக் கற்றுக்கொண்டதை, அவன் போன பிறகு தன் வலைப்பக்கத்தில் தினமும் எழுதி வருகிறாள். அவன் சிரிப்பு, அடம், தூக்கத்தில் உதைப்பது எல்லாம் அதில் உண்டு. மெஷின் சாற்றைப் பிழிந்துகொண்டு அதையெல்லாம் சக்கையாகத் தள்ளிவிட்டது.

முன்பெல்லாம் எங்கெங்கிருந்தோ அம்மாக்கள் வந்து படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், அழுவார்கள். வேண்டியது வாசலிலேயே கிடைக்கும்போது உள்ளே எதற்கு வர வேண்டும்? இப்போது பார்வையாளர் கணக்கு தினமும் ஒன்றே ஒன்று, அதுவும் மதியச் சாப்பாட்டு வேளையில்.

"அந்த ஒருத்தர் யாருடா?" என்று கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"ஆளெல்லாம் இல்லக்கா. சுருக்கிப் போடுற மெஷின்தான் வந்து படிச்சிட்டுப் போகும். இதுக்கெல்லாம் ஏன் மண்டைய உடைச்சுக்கிற?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்தே வெகு நாளாகிவிட்டது.

கணவனிடம் சொல்லலாம்தான். அவன் லிப்ட் மெக்கானிக். எந்த மாடியில் சிக்கிய ஆளையும் வெளியே எடுத்துவிடுவான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை எடுக்கத்தான் யாராலும் முடியாது. மகனின் சக்கர நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தவன். பிள்ளையின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய், ஒழுகாத குழாயை இறுக்குவான்.

அவன் மறந்துவிட்டான் என்று அவள் எப்போதோ முடிவுகட்டிவிட்டாள். அவளுடைய வலைப்பக்கத்தைப் பற்றி ஒரு நாளும் அவன் கேட்டதில்லை.

நடுவில் ஒரு வாரம் அந்த ஒரு பார்வையாளரும் வரவில்லை. கணவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடந்த வாரம் அது. ஒத்தடம் கொடுக்கவே பொழுது சரியாக இருந்ததால், மெஷினுக்கு என்ன கேடு என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

இன்று அவள் ஒரு தீர்மானத்தோடு உட்கார்ந்தாள். பிள்ளையைப் பற்றிய உண்மையைத்தான் மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை, பொய்யையாவது எடுக்கிறதா பார்ப்போம். யாருக்கும் கெடுதல் வராத பொய்யாகத் தேடி எழுதினாள்: "என் பிள்ளை மஞ்சள் ஸ்பூனைக் கண்டால்தான் வாயைத் திறப்பான்."

மஞ்சளைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்ளும் பிள்ளை அவன். சாயங்காலத்துக்குள் இது நாலாவது வரியாக வராவிட்டால் பக்கத்தையே அழித்துவிடுவது. கேட்க ஆளில்லாத இடத்தில் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது போதும்.

மதியம் கணக்கு வழக்கம்போல ஒன்றானது. சாயங்காலம் தேடிப் பார்த்தாள். அதே மூன்று வரி. பொய்யைக்கூட அது சட்டை செய்யவில்லை.

அழிக்கும் பொத்தானைத் தொட்டாள். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று பக்கம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டு, போனை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கணவன் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். பரிமாறினாள். அவன் தட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

அவன் தலை நிமிரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மஞ்சள்னு எழுதியிருக்கியே... பச்சை ஸ்பூன்தானே?"