கடைசி ஆளின் வேலை

பனிச்சரிவு அடங்கிவிட்டது. டூரியைக் காணவில்லை.

ஒவ்வொருவராகத்தான் அந்த மலைச்சரிவைக் கடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாய்ப் போனவன். இரவு முழுக்க மேகம் மூடிக் கிடந்ததில் பனி இறுகவே இல்லை. ஏப்ரல் வெயில் ஏறுவதற்குள் தாண்டிவிடலாம் என்றான். பாதிகூடத் தாண்டவில்லை.

கூர்டினும் அவன் அக்கா மட்லைனாவும் மார்பில் கட்டியிருந்த கருவிகளைத் தேடலுக்கு மாற்றினார்கள். டூரி மட்லைனாவின் கணவன்.

புதைந்தவனின் கருவி விடாமல் குரல் கொடுக்கும். வெளியே இருப்பவர்களின் கருவி அதைக் கேட்டு வழிகாட்டும். கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் ஆள் பிழைத்துவிடுவான்.

கூர்டின் குறுக்கும் நெடுக்குமாக ஓடினான். திரையில் ஒரு எண்கூட வரவில்லை.

"உன்னோடதுல ஏதாவது கேக்குதாடா?"

இல்லை என்று தலையாட்டினான்.

காலையில், வண்டியை நிறுத்திய இடத்தில், வழக்கமான சோதனை நடந்தது. டூரி தன் கருவியைத் தேடலில் வைத்துக்கொண்டு நிற்க, மற்ற இருவரும் ஒருவர் பின் ஒருவராக அவனைக் கடந்தார்கள். இருவருடைய கருவியும் கேட்டது. சோதித்தவன் பிறகு தன்னுடையதைக் குரல் கொடுக்கும்படி மாற்ற வேண்டும். மாற்றினானா என்று கடைசி ஆள் பார்க்க வேண்டும்.

கடைசி ஆள் கூர்டின்.

"அடடே, மாப்ளே இன்னிக்கு பேட்டரியெல்லாம் போட்டுட்டு வந்திருக்காரே!" என்றான் டூரி.

குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் இதே கேலிதான். ஒரே ஒருநாள் மறந்ததற்கு இத்தனை பேச்சு. மட்லைனாவும் சேர்ந்து சிரித்தாள். கூர்டினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது நிமிடம் போயிற்று. முப்பதும் போயிற்று. மட்லைனா நீளக் கம்பியால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். கையுறை எங்கோ விழுந்துவிட்டது. விரல்களில் ரத்தம். கீழே எங்கடின் பள்ளத்தாக்கிலிருந்து ஹெலிகாப்டர் சத்தம் ஏறி வந்தது.

சட்டென்று கம்பியை நிறுத்தினாள்.

"காலைல அவரோடத நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்க்கா."

அவள் மறுபடி குத்த ஆரம்பித்தாள்.

அவன் சொன்னது பொய் இல்லை. பார்த்தான். டூரியின் கருவி தேடலிலேயே நின்றிருந்தது. பனிக்கடியில் இப்போதும் அது இவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

உச்சிக்குப் போய் ரொட்டியைப் பிரிக்கும்போது, அக்காவை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தான்.