ஒரே சாவி

முதலாளியை நான் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, பூட்டிய கடைக்கு முன்னால் மழையில் நின்று மிலிட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது சலவைக் கடை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் பெரிய வேலை. காலையில் வேன் வரும்போது கடை திறந்திருக்க வேண்டும். சாவியோ மிலிட்டரியிடம்.

போர்முனையிலிருந்து திரும்பிய மனிதர், அதனால் எங்களுக்கு அவர் மிலிட்டரி. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. தெருவில் டயர் வெடித்தால் மட்டும் துணி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். சில காலைகளில் அவரால் எழுந்திருக்கவே முடியாது. அப்படிப்பட்டவர் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி கடைச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"ஒரே சாவிதான்யா. நீ வரலைன்னா கடை இல்லை."

அந்த மழை நாளுக்கு முந்தின வாரம்தான் மிலிட்டரியின் தங்கை வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"அண்ணன் சுவத்தைப் பார்த்துப் படுத்தே கிடக்குது சார். நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு கேக்குது. எனக்கு பயமா இருக்கு. அந்தச் சாவியையாவது வேற யாருகிட்டயாவது குடுங்களேன்."

"அதெல்லாம் முடியாதும்மா. வரமுடியலைன்னா அவனே கொண்டுவந்து என் கையில குடுத்துட்டுப் போகட்டும்."

இஸ்திரி போடும் அக்கா பல்லைக் கடித்தாள். "மனுஷனாண்ணே இந்த ஆளு? இன்னொரு சாவி போட்டா கை தேஞ்சா போயிடும்?"

அன்றைக்கு நல்ல மழை. நாங்கள் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டு நின்றோம். முதலாளி மட்டும் தெருமுனை தெரிகிற இடத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். "என்னங்க, திறப்பீங்களா மாட்டீங்களா? எனக்கு வேற கடை இல்லாமலா போச்சு?"

"பூட்டை உடைச்சிடலாம் முதலாளி" என்றேன்.

"உடைப்பே! உங்க தாத்தா செஞ்சு வச்ச பூட்டு பாரு!"

வேன் போய்விட்டது. எங்கள் வேலையில் பாதி அதோடு போயிற்று. முதலாளி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் தெருமுனையிலேயே இருந்தது. உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தோம்.

"நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"வருவான்... வருவான்யா."

கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. "சரி, ஓடு! கதவைத் தட்டிக்கிட்டு நிக்காதே. உடைச்சுக்கிட்டு உள்ள போ!" என்று கத்தினார்.

நான் நாலடி எடுத்து வைப்பதற்குள் மிலிட்டரி முனையில் திரும்பினார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கையில் சாவி.

"வாங்க துரை! இத்தனை பேரும் தெருவுல நிக்கறோம். வேன் போயிடுச்சு. யாரால?"

"என்னாலதான் சார்."

"நீ வராம இந்தக் கதவு திறக்குமா?"

"திறக்காது சார்."

"நாளைக்கு?"

மிலிட்டரி பூட்டைப் பிடித்துச் சாவியை நுழைக்கப் பார்த்தார். மழை ஈரத்தில் அது உள்ளே போகாமல் வழுக்கியது. உதவப் போன அக்காவை முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாளைக்குன்னு கேட்டேன்!"

"வந்துடறேன் சார்."

அந்தப் பதில் வந்த பிறகுதான் உள்ளே போனார். நனைந்த பேன்ட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு வேறு உடுத்திக்கொண்டு, மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பினார். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

மறுநாள் கடை இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்தப் பக்கமாகப் போனவன் பார்த்தேன், கதவு திறந்திருந்தது. மிலிட்டரி உள்ளே தனியாகத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எதுக்குங்க வந்தீங்க?"

"வந்துடறேன்னு அவருகிட்ட சொல்லிட்டேனே" என்றார்.

முதலாளியின் ஈரப் பேன்ட் மூலையில் அப்படியே கிடந்தது. துவைக்க எடுத்தேன். தண்ணீரில் போடுவதற்கு முன் பாக்கெட்டைத் துழாவுவது எங்கள் தொழிலில் பழக்கம். விரலில் ஒரு சாவி தட்டுப்பட்டது.

வாசலில் தொங்கிய பூட்டை அமுக்கிப் பூட்டிவிட்டு, அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். திறந்துகொண்டது.

"என்னண்ணே அங்க சத்தம்?" மிலிட்டரி உள்ளிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. என் வீட்டுச் சாவி விழுந்துடுச்சு."

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளும் இப்போது இல்லை. மிலிட்டரிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்றும் காலையில் கடையைத் திறப்பவர் அவர்தான். இன்னொரு சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது.