இறங்க மனசில்லை

“இறங்கவே மனசு வரமாட்டேங்குதும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்களே அந்தப் பக்கமா ஏறி உட்காருங்களேன்.”

ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமலே சொன்னார் கணக்கு வாத்தியார். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூணோரமாக நின்றிருந்தது அவருடைய கார். வண்டியின் மேல் போர்த்தும் உறை, ஓட்டுநர் பக்கம் மட்டும் கதவளவுக்குச் சுருட்டிவிடப்பட்டிருந்தது. இப்போதுதான் வந்து நிறுத்திவிட்டு மூட ஆரம்பித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே, மறுபக்கத்து உறையைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தாள் அவள்.

அவள் கார் கம்பெனியில் இருக்கை வடிவமைப்பவள். ஒரு பட்டனை அமுக்கினால் வண்டி ஓட்டுபவரின் இடுப்பை இதமாகப் பிடித்துவிடும் இருக்கை, அவள் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியது. ஆபீசில் அவளுக்குச் சீட்டம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த சீட்டுக்குத்தான் இப்போது ஆபத்து. அடுத்த மாடலில் எதையெல்லாம் வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார் மேனேஜர். கத்தரி என்பது ஆபீசில் அவருக்கு விழுந்த பெயர். “ஓட்டுறவனுக்கு ரோட்டுல கவனம் இருக்குமா, இடுப்புல இருக்குமா? ஒருத்தனும் அந்த பட்டனைத் தொடுறதில்லம்மா” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். சாயங்காலக் கூட்டத்தில் முடிவு.

வண்டிகளிலிருந்து கம்பெனிக்கு வரும் தகவல்களைத் துழாவியதில், அந்த பட்டனை ஊரிலேயே அதிகமாக அமுக்குகிறவர் இந்த வாத்தியார்தான் என்று தெரிந்தது. போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டு, போட்டது போட்டபடி ஓடிவந்துவிட்டாள்.

“சார், இந்த சீட்டு உங்களுக்கு எப்படி இருக்கு?”

“சீட்டா இது? தாய் மடிம்மா. என் மச்சான் குடும்பத்தோட வந்து தங்கினதுலேர்ந்து, பள்ளிக்கூடம் விட்டா நான் நேரா வண்டிக்குத்தான் வரேன். ராத்திரி சாப்பாடு வரைக்கும் இதுலதான். இந்த சீட்டு மட்டும் இல்லன்னா என் கதி என்ன ஆயிருக்குமோ.”

பாவம், விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்டியே மனிதர் ஓய்ந்துவிட்டார் போல என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது.

“வேற என்ன சார் பிடிச்சிருக்கு?”

“இந்த டம்ளர் வைக்கிற குழி. தினமும் வாய் வரைக்கும் தளும்பத் தளும்ப காபி வைக்கிறேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு சிந்தினதில்ல. எப்படித்தான் செஞ்சீங்களோ.”

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேடு பள்ளத்தில் தளும்பாமல் ஓட்ட எப்பேர்ப்பட்ட கை வேண்டும்.

“பிடிக்காதது ஏதாவது?”

வாத்தியாரின் முகம் சுருங்கியது. “ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு, உள்ள எரியுற விளக்கு. விடைத்தாள் திருத்திட்டிருக்கும்போதே பொசுக்குனு அணைஞ்சிடுது.”

“சிக்னல்ல நிக்கிறப்ப கூடவா சார் திருத்துவீங்க?”

“எங்க நின்னாலும் வேலை வேலைதானேம்மா.”

கடமை வீரர் என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

“ரெண்டாவது, பின்னாடி யாரு வர்றாங்கன்னு முன்கூட்டியே காட்டணும். போன வாரம் என் மச்சான் பின்னாலேயே வந்து ஒட்டிக்கிட்டு நிக்கிறார். எனக்குத் தெரியவே இல்ல. நெஞ்சு படக்குனு ஆயிடுச்சு.”

“ஐயையோ, இடிச்சிருந்தா? ரிவர்ஸ்ல போட்டா திரையில தெரியுமே சார்.”

“அப்படியா?” என்று கியரை ஒருமுறை மரியாதையோடு பார்த்தார் வாத்தியார்.

அதற்குள் அவளுடைய போன் அடித்தது. கத்தரி. கூட்டம் தொடங்கிவிட்டதாம். அவள் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, போனை இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

“சார், நான் பேசுறதை விடுங்க. தினமும் மணிக்கணக்கா இந்த சீட்டுல உட்கார்றவர் பேசுறார், அவரைக் கேளுங்க.”

வாத்தியார் பேசினார். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், இடுப்பில் தொடங்கித் தோள்பட்டை வரை, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு விளக்கம். தனக்கு இருந்த முதுகுவலி போன இடம் தெரியவில்லை என்றார். சீட்டை எடுத்தால் கம்பெனி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவேன் என்றார்.

மறுமுனையில் கத்தரி இறங்கி வந்தார்.

“சரி சார், நான் தோத்துட்டேன். சீட்டுல கை வைக்கல. சீட்டம்மா, சந்தோஷமா?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் வெட்கத்தோடு தலையசைத்தார்.

“சார், போனை வச்சிடாதீங்க. இவ்வளவு அனுபவம் உள்ளவர் கிடைச்சிருக்கீங்க. கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன்” என்றார் கத்தரி. “வேகமாப் போய் ஒரு வளைவுல சட்டுனு திருப்புறீங்களே, அப்ப இந்த சீட்டு முதுகை நல்லாப் பிடிச்சுக்குதா?”

வாத்தியார் ஜன்னல் வழியாகத் தூணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு போனுக்கு நெருக்கமாகக் குனிந்தார்.

“அதை என் வீட்டுக்காரிகிட்டதான் கேட்கணும் சார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.”